பதினாறாம் கட்டம்

எர்லாங்கன், ஜெர்மனி, 14 செப்டம்பர் 1968

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். அழகுக்காக எதையும் கூட்ட மாட்டேன். வெட்கப்பட்டு எதையும் மறைக்க மாட்டேன். என் பெயர் பாமா. வயது பதின்மூன்று. இன்று மழை. லத்தீன் பரீட்சை சுமார்.

அப்பாவுக்கு அமெரிக்காவில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை வந்திருக்கிறது. இண்டியானா மாநிலம், வில்லோ ஃபோர்க் டவுன்ஷிப். இந்த மாதமில்லை, நவம்பருக்குள் பதில் எழுதினால் போதுமாம். அம்மா சரி என்றால்தான் போவது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

எனக்குப் போக வேண்டும். இதுவும் உண்மை.

21 செப்டம்பர்

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் நடேசன் மாமா முன்பு இண்டியானாவில் படித்தவர். அந்தப் பகுதியைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அட்டை பிய்ந்திருக்கிறது. படங்களுக்காக வாங்கினாராம், படித்ததில்லையாம்.

டவுன்ஷிப் என்றால் ஊர் இல்லை. பக்கத்துக்கு ஆறு மைல் வைத்து ஒரு சதுரம். அதற்குள் முப்பத்தாறு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு மைல். வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கி மேற்கே போய், ஏர் மாடு திரும்புவதுபோலத் திரும்பி, மறுபடி கிழக்கே வருகிறது எண். ஆட்கள் குடியேறுவதற்கு முன்பே காகிதத்தில் கோடு போட்டுவிட்டார்கள். பதினாறாம் கட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் பிறக்கும் முன்பே பள்ளிக்கு நிலம்.

அதற்கு முன் அங்கே ஷானி என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள், பிறகு போய்விட்டார்கள் என்று ஒரே வரி. எங்கே போனார்கள்? புத்தகம் சொல்லவில்லை.

29 செப்டம்பர்

அப்பா குரல் தாழ்த்திப் பேசினார். அம்மா தாழ்த்தவில்லை.

“ஏன்னா, மறுபடி மொதல்லேர்ந்தா? இங்க வந்து ஒரு வருஷம் சுவரோட பேசிண்டிருந்தேன். சைக்கிள் கத்துண்டப்பறம்தான் மனுஷா மூஞ்சியையே பாத்தேன். இப்பத்தான் சந்தை முட்டைக்காரி ஃப்ராவ் வல்லின்னு மரியாதையா கூப்பிடறா.”

“கூப்பிடறாளே, விலை குறைக்கறாளா?”

“மழை வந்தா உள்ள வந்து நில்லுங்கறா. அது போறும் எனக்கு.”

அம்மா புடவைக் கொசுவத்தில் இரண்டு துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு சந்தைக்கு சைக்கிளில் போவாள். அவள் சைக்கிள் ஓட்டிய முதல் வருஷம் வெட்கப்பட்டு நான் தள்ளி நடப்பேன். இப்போது இல்லை.

9 அக்டோபர்

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ரெக்னிட்ஸ் ஆற்றுப் புல்வெளி முழுக்கப் பனிமூட்டம். நான் புத்தகத்தில் வரும் வில்லோ ஃபோர்க்கில் நடந்துகொண்டிருந்தேன். ஓடை மூன்றாம் கட்டத்தில் நுழைகிறது. மாவு ஆலை. பிறகு ரயில் நிலையம், மணி அடிக்கிறது. நாற்சந்தியில் கடை. கடைக்காரர் தொப்பியைத் தூக்கி அம்மாவுக்கு வணக்கம் சொல்கிறார். ஆசிரியை என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

13 அக்டோபர்

படம் முடிந்தது. புத்தகத்தைப் பார்த்து நான் வரைந்த வில்லோ ஃபோர்க் வரைபடம், சாப்பாட்டு மேஜையில் பாதி அளவு. தொழிற்சாலை தரும் வீடு இருபத்தோராம் கட்டத்தில், பள்ளிக் கட்டத்துக்கு நேர் கீழே. அம்மா வெகுநேரம் பார்த்தாள். “கடை எது?” என்றாள். காட்டினேன். விரலை அங்கேயே வைத்திருந்தாள்.

27 அக்டோபர்

மெதுவாக எழுத வேண்டும்.

நடேசன் மாமா மதியம் சாப்பிட வந்தார். அம்மாவே படத்தை எடுத்து விரித்தாள்.

“கடை இருக்கு, ஸ்டேஷன் இருக்கு, ஸ்கூலும் பக்கம். பாமா எல்லாம் பாத்து வெச்சுட்டா. போலாம்னுதான் தோணறது.”

மாமா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாமா, அந்தப் புஸ்தகம் எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னால எழுதினது. நான் அந்த வழியா கார்ல போயிருக்கேன், மாமி. ஸ்டேஷன் கெடையாது. தண்டவாளத்தையே எடுத்தாச்சு. கடை இருந்த எடத்துல சோளம். ஸ்கூலுக்கு பஸ்ல வேற ஊர் போகணும்.”

புத்தகம் பழையது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் என்றால் வளரத்தானே செய்யும்? கும்பகோணம் சிறுத்துப்போனதா? அந்த ஒரு கடை இந்நேரம் ஒரு கடைத்தெருவாகியிருக்கும் என்றல்லவா நினைத்தேன். ரயில் வந்த இடத்திலிருந்து ரயில் போகும் என்று — தோன்றவே இல்லை. அம்மா என்னை நம்பினாள்.

“அப்ப கடை இப்போ எங்க?” அம்மா கேட்டாள்.

மாமா விரலை வீட்டிலிருந்து கிழக்கே நகர்த்தினார். படம் முடிந்தது. விரல் மேஜைத்துணியில் இறங்கி, ரசப் பாத்திரத்தின் பக்கம் போய் நின்றது. “இங்க.”

அம்மா கட்டங்களை எண்ணினாள். “அஞ்சு மைல். சைக்கிள்ல போயிடுவேன்.”

“பனியிலயா?” என்றார் மாமா.

“இங்க மட்டும் வெயிலா கொளுத்தறது?”

“அங்க யாரும் சைக்கிள்ல போக மாட்டா, மாமி. உங்களை ரோட்டுல பாத்தா காரை நிறுத்தி, என்ன ஆச்சுன்னு கேப்பா.”

“கேக்கட்டுமே. பேச ஆள் கெடைக்கும்.”

அப்பா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டில் வழிந்ததைக் கவனிக்கவில்லை.

2 நவம்பர்

அப்பா பதிலைத் தபாலில் போட்டுவிட்டார். போகிறோம்.

10 நவம்பர்

ரயில் பாதையை அழித்தேன். ரப்பர் தேய்த்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது. ஆலை, மணி, தொப்பி தூக்கும் கடைக்காரர், எல்லாம் அதோடு போயிற்று. ஷானி மக்கள் போய்விட்டார்கள், ரயிலும் போய்விட்டது. எனக்குப் பிடித்தது நான் வரைந்த ஊர். அது இல்லை. இல்லாத ஊருக்கா அம்மாவைக் கூட்டிப்போகிறேன்? அவள்தான் என்னைக் கூட்டிப்போகிறாளோ?

17 நவம்பர்

பதினாறாம் கட்டத்தை மட்டும் அழிக்கவில்லை.

23 பிப்ரவரி 1969

சாமான்கள் கப்பலுக்குப் போய்விட்டன. அம்மாவின் சைக்கிளைப் பெட்டிக்குள் வைக்க ஹாண்டில்பாரைத் திருப்பிவிட்டார்கள். கிளிப் இரண்டும் அதிலேயே. “அங்க சைக்கிள் கிடைக்காதா?” என்றார் அப்பா. “இது என்னைக் கீழ தள்ளி முடிச்சாச்சு. புதுசு இனிமேதான் தள்ளும்,” என்றாள் அம்மா. முட்டைக்காரி வாசல்வரை வந்து அம்மாவின் கையை விடாமல் நின்றாள்.

படத்தை மடிக்கப் போனேன். அம்மா தடுத்து, கிழக்குப் பக்கம் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். அதில் கடையை அவளே போட்டாள் — பெட்டி மாதிரி, கோணலாக. வீட்டிலிருந்து அதுவரை பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். வழியில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்தாள். என்ன என்று கேட்டேன். “கார் நிக்கற எடம்,” என்றாள்.

அப்பா கூடத்து விளக்கை அணைத்தார். பிறகு சமையலறை. இப்போது என் அறை வாசலில் நிற்கிறார். அணைத்துவி—