ஓர் அளவு சின்னச் சப்பாத்து

எடியே,

நேற்றுக் காலை கடைத்தெருவில் ஒரு சப்பாத்துக் கடைக்குள் போய், ஒன்றும் வாங்காமல் வெளியே ஓடி வந்தேன். பெட்டியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. புதுத் தோலும் பசையும் கலந்து, உள்ளே சுற்றி வைத்த மெல்லிய தாளின் மணமும் சேர்ந்து வருமே, அதுதான். கடைக்காரர், “அக்கா, உங்கட அளவு முடிஞ்சுது. ஒரு நம்பர் குறைவாத்தான் கிடக்கு. போடப் போட இளகும், கொண்டு போங்கோ” என்றார். பாவம், எல்லாக் கடைக்காரரும் சொல்லும் கதைதானே. நான் பெட்டியை அவர் கையிலேயே திணித்துவிட்டு வந்து, பூட்டிக் கிடந்த பக்கத்துக் கடைப்படியில் குந்திவிட்டேன். போடப் போட இளகும் என்று உனக்குச் சொன்னவள் நான். நீ போய் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகின்றன. நேற்று வரைக்கும், நான் அப்படிச் சொன்னதை வாய்விட்டு ஒருவருக்கும் சொன்னதில்லை.

நாம் இரண்டு பேரும் பதினாறு வருடம் ஒரே மேடையில் நின்று பாடினோம். கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, ஹோட்டல் விருந்து என்று நிலாவெளியிலிருந்து மூதூர் வரைக்கும் நம் இசைக்குழு போகாத இடமில்லை. கீபோட்காரர் பாட்டைத் தெரிவு செய்வார். உடுப்பு என் பொறுப்பு. ஒருவரும் தந்த பொறுப்பில்லை, நானாக எடுத்துக்கொண்டது. ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. நீ சல்லிக் கிராமத்திலிருந்து மணல் ஒட்டிய காலோடு, இறப்பர் செருப்போடு வந்து இறங்குவாய். உனக்குக் குரல் இருந்தது. எனக்கு வாய்தான் இருந்தது.

இப்போதும் சொல்கிறேன், தொழில் விஷயத்தில் நான் சொன்னதெல்லாம் பிழையில்லை. மேடைக்குச் சேலை உடுக்கிறவளுக்கு முதலில் சப்பாத்து, பிறகுதான் சேலை. குதியின் உயரத்தைப் பார்த்துத்தான் கொய்யகத்தை மடித்துச் செருகவேண்டும். வெறுங்காலோடு உடுத்துவிட்டுக் குதிச் சப்பாத்தில் ஏறினால் கணுக்கால் தெரியும். கீழே கதிரையில் இருக்கிற சனத்துக்கு மேடையில் கண்ணுக்கு நேரே இருப்பது நம் முகமில்லை, கால். பொன் கரை என்றால் பொன் நிறம், வெள்ளிக் கரை என்றால் வெள்ளி. அடியில் இறப்பர் ஒட்டாவிட்டால் பலகை மேடையில் டொக்கு டொக்கென்று மைக்கில் கேட்கும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, நீ கையைக் கட்டிக்கொண்டு “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்று தலையாட்டுவாய். எனக்குக் கோபம் வரும், பிறகு சிரிப்பும் வரும்.

அந்தச் சட்டத்தாலேயே ஒருநாள் நான் கவிழப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். சாம்பல்தீவுப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. நாம் இரண்டு பேரும் என் வீட்டிலேயே மூன்று அங்குலக் குதியில் நின்று, நிலத்தைத் தொட்டும் தொடாமலும் சேலை உடுத்துக்கொண்டு போனோம். கோயில் மேடை என்று இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. படியில் கால் வைக்கப் போக, தர்மகர்த்தா கையைக் காட்டி மறித்தார். “பிள்ளையள், மேலே விளக்கேத்திக் கிடக்கு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ.” கழற்றினோம். மூன்று அங்குலப் பட்டும் நிலத்தில் விழுந்தது. நீ வெட்கம் பார்க்காமல் இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாய். நான் பெரிய இடத்துப் பிள்ளையாயிற்றே, அப்படியே ஏறினேன். இரண்டாவது பாட்டில் என் கொய்யகத்தை நானே மிதித்தேன். முன்பக்கம் முழுக்கக் கழன்று கையில் வந்துவிட்டது. நீ பாட்டை விடாமல் இரண்டடி எடுத்து என் முன்னால் வந்து நின்றாய். என் வரிகளையும் சேர்த்துப் பாடினாய். உன் முதுகுக்குப் பின்னால் நின்று நான் செருகி முடித்தேன். ஒரு குருவிக்கும் தெரியாது. திரும்பி வரும்போது குழுவின் வான் வண்டிக்குள் நீ சொன்னாய், “எடி, உனக்கு முன்னால நிக்கிறதுக்கெண்டே கடவுள் எனக்கு இந்த அகலத்தைத் தந்தவர்.” வான் முழுக்கச் சிரித்தது.

இரத்தத்தில் சீனி வருத்தம் என்று நீ சொன்னதும் ஒரு வான் பயணத்தில்தான். மேடைச் சிற்றுண்டிப் பெட்டியிலிருந்த லட்டை என் மடியில் வைத்துவிட்டு, “இனி இது உனக்கு” என்றாய். வேறு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மருந்து ஒழுங்காகப் போட்டாய். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கீழே வரும்.

பிறகு அந்த ஹோட்டல் கல்யாணம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சனம், பகல் விருந்து, கடலைப் பார்த்த மேடை, நாலு பக்கமும் கமெரா. ஆட்கள் பார்த்துப் பிடித்துப்போனால் வெளிநாட்டு மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று கீபோட்காரர் ஆசை காட்டியிருந்தார். எனக்குத் தலை கால் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நிறப் பட்டு, ஒரே மாதிரிப் பொன் நிற மூடிய சப்பாத்து. என் அளவு கிடைத்தது. உன்னுடையது முப்பத்தொன்பது, கடையில் முப்பத்தெட்டுத்தான் இருந்தது. வாங்கிவிட்டேன்.

நீ அதை என் வீட்டுக் கதிரையில் இருந்து போட்டுப் பார்த்தாய். போட்டதும் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

“எடி, இது இறுக்குது. கிளினிக்கில நேர்ஸ் சொன்னவ, இறுக்கமான சப்பாத்து போடவே கூடாதாம். சில நேரம் கால் எரியுது, சில நேரம் கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை.”

“போடப் போட இளகும்.”

“நான் தட்டைச் செருப்போட வரட்டே? சீலைக்குள்ள ஆருக்கடி தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “பக்கத்தில நிக்கேக்க என்ர தோளுக்குக் கீழ தெரிவாய். வீடியோ எடுக்கினம். அந்த வெடிச்ச குதியையும் இறப்பர் செருப்பையும் ஆருக்குக் காட்டப் போறாய்? செருப்போடதான் வருவனெண்டா மேடைக்கு வராதை.”

நீ என்னைப் பார்த்தாய். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். “சரி மிஸ்,” என்றாய். அந்த முறை கையைக் கட்டவில்லை.

அன்றைக்கு நீ பாடியதைப் போல நீ ஒருநாளும் பாடவில்லை. மூன்று மணித்தியாலம் நின்றோம். என் கால் விண்விண்ணென்று வலித்தது, பாட்டுக்கிடையில் காலை மாற்றி மாற்றி வைத்தேன். நீ அசையவே இல்லை. நான் அதைப் பார்த்து, ‘பாத்தியா, இளகிட்டுது’ என்று உன் காதுக்குள் சொன்னேன். வலி தெரியாத காலுக்கு இளகினதும் இறுக்கினதும் ஒன்றுதான் என்று எனக்கு விளங்கவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் நீ சப்பாத்தைக் கழற்றினாய். வலது சப்பாத்தின் உள்பக்கம் சிவந்திருந்தது. பெருவிரல் பக்கத்தில் தோல் உரிந்து தொங்கியது. நீ குனிந்து பார்த்து, “என்னடி இது, எனக்கு ஒண்டும் தெரியேல்லையே” என்று அதிசயப்பட்டாய். நான் பார்த்தேன். நல்ல வெளிச்சத்தில், இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கைப்பையிலிருந்த பிளாஸ்டர் ஒன்றை உன்னிடம் தந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரோடு படம் எடுக்கப் போய்விட்டேன்.

அந்தளவோடு நின்றிருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று மனதைச் சமாளிக்கலாம். ஒன்பதாம் நாள் இன்னொரு கல்யாணம் வந்தது. நீ முதல்நாள் போன் எடுத்தாய். “காயம் இன்னும் காயேல்லை. இந்தமுறை ஏலாது போல கிடக்கு.” நான் என்ன சொன்னேன்? “பஞ்சு வைச்சுக் கட்டிப்போட்டு வா. உன்னை விட்டா நான் ஆரோட பாடுறது?” அதில் பாசமும் இருந்தது, அதுதான் கேவலம். நீ வந்தாய். பஞ்சு வைத்துக் கட்டிய காலை அதே சப்பாத்துக்குள் திணிக்க, நான் நிலத்தில் குந்தியிருந்து உனக்கு உதவி செய்தேன். என் கையால்தான் குதியைத் தள்ளினேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். விரல் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. நான் தோடம்பழப் பையோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நீ என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாய். “இனி உனக்குச் செலவில்லை, ஒரு சப்பாத்து வாங்கினாக் காணும். அதையாவது அளவாப் பாத்து வாங்கு.” எனக்கு அப்போதே உன் காலடியில் விழுந்து, பிழை என்னுடையதடி என்று கத்தவேண்டும் போல இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. உன் மனுசன் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று தோடம்பழத்தை உரித்தேன். அடுத்த மாதம் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்து, சொல்லாமலே உன்னை விட்டுவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் சப்பாத்தை விடப் பெரிய குற்றம். உன் செத்த வீட்டில் பெண்கள் என்னைச் சுற்றி இருந்து, “நல்லாத்தானே இருந்தவ, என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். “சீனியைக் கவனிக்கேல்லை. மருந்தும் ஒழுங்காப் போடேல்லை. எத்தினை தரம் சொன்னனான்,” என்றேன். எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா? அழுதுகொண்டே சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். உன் மகள் எனக்குப் பின்னால் பாயில் இருந்தாள். அந்தப் பிள்ளை கண்ணீர் விடவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தேன்.

உன் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. குசினியில் பாயாசம் கிண்டிக்கொண்டே அவள் சொன்னாள், “அம்மா எங்களைப் பற்றி யோசிச்சிருந்தா மருந்தை ஒழுங்காப் போட்டிருப்பா. நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதான் அன்ரி. தன்ர காலையே பாக்காத ஆள்.” என் வாயில் வார்த்தை வந்து நின்றது. விழுங்கினேன். இரண்டாம் திவசத்துக்கும் போனேன். அப்போதும் உன் படத்துக்குப் பூமாலை போட்டது உன் மனுசன்தான், அவள் போடவில்லை. நான் வடையைத் தின்றுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதனால்தான் நேற்று அந்தக் கடைப்படியில் என்னால் கனநேரம் இருக்க முடியவில்லை. எழும்பி, ஓட்டோ ஒன்றைப் பிடித்து நேரே சல்லிக்குப் போனேன். சனிக்கிழமை, அவள் வீட்டில் இருந்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாள், கொப்பிகளுக்கு நடுவே இருந்தாள். உன் மனுசன் கடலுக்குப் போயிருந்தார். “வாங்கோ அன்ரி, தேத்தண்ணி வைக்கிறன்,” என்று எழும்பினாள். வேண்டாம், முதலில் இரு என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அளவு குறைந்த சப்பாத்து, நீ கேட்ட தட்டைச் செருப்பு, நான் சொன்ன சொல், சிவந்த உள்பக்கம், பிளாஸ்டர், ஒன்பதாம் நாள் வந்த போன். செத்த வீட்டில் சொன்ன பொய்.

 அவள் ஒன்றொன்றாகக் கேட்டாள்.

“கிளினிக்கில வேண்டாமெண்டு சொன்னவை எண்டு அம்மா உங்களிட்டச் சொன்னவவோ?”

“சொன்னவ.”

“ரெண்டாந்தரம் போகேக்க காயம் இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். நான்தான் சப்பாத்தைப் போட்டுவிட்டனான்.”

“அம்மா மருந்து போட்டவவோ?”

“ஒருநாளும் விடேல்லையம்மா.”

அவள் கையிலிருந்த பேனையைக் கொப்பிக்கு மேல் வைத்தாள். “ரெண்டு வருசமா நான் அம்மாவோடயெல்லோ கோவிச்சுக்கொண்டு இருந்தனான்,” என்றாள். குரல் உன் குரல் போலவே இருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள். “நீங்கள் போங்கோ அன்ரி. இனி இஞ்ச வராதேங்கோ.”

வந்துவிட்டேன். படலையைச் சாத்தும்போது உள்ளே அவள் அழும் சத்தம் கேட்டது. செத்த வீட்டில் அழாத பிள்ளை, அம்மா அம்மா என்று உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். உள்ளே ஓடவேண்டும் போல இருந்தது. எனக்கு அந்த உரிமை இல்லை என்று வீதியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு உன்னோடு இனிக் கோபமில்லையடி. அது முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. ஆறட்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. உயிரோடு இருக்கும் வரைக்கும் அது என்னோடு இருக்கட்டும்.