திங்கட்கிழமை களி

12 ஜூலை 1998, ஞாயிறு. நகரி.

காய்க்கூடையைக் கவிழ்த்தேன். தக்காளி பாதி அழுகல். அடியில் ஒரு முருங்கைக்காய், காய்ந்து விறகாகி. மூலையில் ஹோட்டல் பொட்டலங்களின் இலையும் நூலும். இந்த வாரத்தில் மட்டும் ஐந்து பொட்டலம். அம்மா குவைத்துக்குப் போய்ப் பதினேழு மாதம். இந்த வீட்டில் சமையல் நின்றுவிட்டது, சாப்பாடு நிற்கவில்லை.

அம்மா வேலை செய்யும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வேலை செய்கிறவள் கார்வேட்டிநகரத்து மல்லிகாக்கா. லீவில் வந்தவள் காலையில் கேசட் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கடிதத்துக்குப் பதில் கேசட். நைனாவின் இருமல், தங்கை ஹரிதாவின் ஹாஸ்டல், என் திருப்பதி வேலை என்று விசாரித்துக்கொண்டே வந்து முடிவில்:

"மாசியோட ரெண்டு வருசம் முடியுது வேந்தா. இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து போடறியான்னு மேடம் கேட்டுக்கினே கீது. ஹரிதாவுக்கு கடைசி வருசம் பீசு கட்டணும். அனுப்பற துட்டு அத்தனையும் வவுத்துக்கே போவுதுன்னா நான் இன்னா பண்றது? பாத்து சொல்லு."

பாத்து சொல்லு.

எம்.ஏ. பொருளியல். திருப்பதியில் இரண்டு வருடம் நுகர்வோர் நடத்தை பற்றிப் படித்தேன், வளைகோடுகள் வரைந்தேன். துவரம்பருப்பு என்ன விலை என்று இன்றைக்கு மளிகைக்கடை ஆதிநாராயணனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஹோட்டலை நிறுத்த வேண்டும். அழுகாத அளவுக்கு வாங்க வேண்டும். அப்படிச் செய்தால் ஹரிதாவின் கட்டணம் நவம்பருக்குள் சேர்ந்துவிடும். சேர்ந்துவிட்டால் அம்மா கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இதில் தவறு எங்கே வர முடியும்?

13 ஜூலை, திங்கள்

பழைய காலண்டரின் பின்பக்கம் ஏழு கட்டம் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினேன். திங்கள் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைச் சட்னி. செவ்வாய் சந்தைக் காய். வியாழன் கருவாடு. இரவு மிஞ்சுவது காலைக்கு. ஞாயிறு மட்டும் கறி, அதுவும் அரைக்கிலோ.

நைனா தறி வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் நின்று படித்தார்.

"இன்னாடா இது, ஆஸ்பத்திரியா? எந்த நாளைக்கு இன்னா ஊசின்னு எழுதி வெச்சிகீறே."

முதல் களி. மாவு கட்டி கட்டியாகத் திரண்டது. உடைத்தால் உள்ளே பச்சை மாவு. நைனா நான்கு கவளம் விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையப் பக்கம் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர்மேல் பரோட்டா வாசனை.

14 ஜூலை

அம்மாவுக்குக் கேசட்டில் பேசி அனுப்பினேன். களி எப்படி? கருவாட்டுக் குழம்பு எப்படி? ஒவ்வொன்றாகச் சொல். அளவோடு சொல்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

மாதச் சாமானை ஒரே தடவையில் வாங்கினேன். ஒன்றரை வருடமாகத் தினம் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று வாங்கிய வீடு. ஆதிநாராயணன் பட்டியலை இரண்டு முறை படித்தார்.

"ஏம் சார், மொத்தமா எடுத்துக்கினு போயிட்டா அப்பால நான் உங்க மொகத்த எப்போ பாக்கறது? கடையை மூடிட்டு நானும் குவைத்துக்கே போவட்டா?"

சிரித்தேன். பொட்டலம் சிறிதானால் விலை கூடும் என்று எத்தனை தேர்வில் எழுதியிருப்பேன். என் வீட்டில் அது ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

15 ஆகஸ்ட், சனி

கேசட் வந்துவிட்டது. தொண்ணூறு நிமிடம்.

டேப்ரெக்கார்டரை ஸ்டவ் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அம்மா சொல்கிறாள், நிறுத்துகிறேன், செய்கிறேன், மறுபடி ஓட விடுகிறேன்.

"அரிசி நொய்யி நல்லா கொழையட்டும். அப்பால மாவ நடுவுல மலையாட்டம் கொட்டு. உடனே கிண்டாத. நீ கிண்டுவே, எனுக்குத் தெரியும். மூடி போட்டு உட்டுட்டு வேற வேல பாரு. மாவு வெந்த வாசன வரும், வந்தப்பறம் கிண்டு. ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது."

உப்புக்கு: "என் கையிக்கு ஒரு பிடி. உன் கை பெருசு, முக்காப் பிடி போடு."

என் கை அவளுக்கு நினைவிருக்கிறது. அவள் கையை நான் நினைத்துப் பார்த்தேன். முகம்தான் வந்தது.

கருவாட்டுக் குழம்புக்குப் புளி சொல்லும்போது பின்னால் ஒரு குழந்தை "பத்மா" என்று கூப்பிட்டது. பத்மினி அங்கே பத்மா. அவள் ஏதோ அரபியில் பதில் சொன்னாள். சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அல்லது கேட்டும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

புளி எவ்வளவு என்பதைத் தவறவிட்டேன். பின்னால் ஓட்டினேன். மறுபடி குழந்தை. மறுபடி சிரிப்பு.

17 ஆகஸ்ட், திங்கள்

களி ஒட்டவில்லை.

நைனா இரண்டாவது உருண்டை வாங்கிக்கொண்டார். இன்று சட்டையை மாட்டவில்லை.

8 செப்டம்பர்

நான் வேலை முடிந்து திருப்பதியிலிருந்து வருவதற்குள் நைனா டேப் போட்டிருந்தார். சமையல் பகுதி இல்லை. ஆரம்பத்தில் "ஏங்க, இருமலுக்கு மருந்து வாங்கினீங்களா" என்று வரும் இடம். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "பூண்டு உரிச்சி வெச்சிகீறேன்" என்றார். கிண்ணம் நிறையப் பூண்டு. ஒரு வாரத்துக்குக் காணும்.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இப்போது பெரும்பாலும் பூண்டு, புளி, மண்ணெண்ணெய். முன்பு அதுவும் இல்லை.

24 செப்டம்பர்

புரட்டாசி. கறி இல்லாத மாதம். என் அட்டவணைக்குச் சாமியே துணை.

11 அக்டோபர், ஞாயிறு

வெங்காயத்தின் விலையை நம்ப முடியவில்லை. ஆதிநாராயணன் அதை மூட்டையோடு உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். அட்டவணையிலிருந்து அடித்துவிட்டேன். சித்தூரில் நர்ஸிங் படிக்கும் ஹரிதா இன்று ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். வெங்காயமில்லாத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, உன்ன கட்டிக்க வர்றவ ரொம்ப குடுத்து வெச்சவ. அழவே வேணாம்."

புரட்டாசி முடிந்தாலும் இன்னும் இரண்டு வாரம் கறி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் இல்லாமல் கறிக்குழம்பு எப்படி?

நைனா: "சாமியே முப்பது நாளு போதும்னு வுட்டுட்டாரு. உனுக்கு போதலியா?"

ஹரிதா சிரித்ததில் புரை ஏறியது. தோற்றேன். தீபாவளிக்குக் கறி.

3 நவம்பர், செவ்வாய்

ஹரிதாவின் கடைசி வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். ரசீது சட்டைப்பையில்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாத சந்தோஷம். பருப்பை ஊற வைத்ததிலும் தக்காளியை எண்ணி வாங்கியதிலும் ஒரு பெண் நர்ஸாகிறாள். இதை எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

8 நவம்பர், ஞாயிறு

அம்மாவுக்கு எங்கள் கேசட். நைனாவையும் உட்கார வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டணம் கட்டியது, ஏழு கட்டம், மொத்த மளிகை, ஒட்டாத களி. கடுகு வெடிக்கும் சத்தத்தைக்கூடப் பதிவு செய்தேன். நைனா மைக்கை விட்டுத் தள்ளியே உட்கார்ந்து, "நல்லா துன்றோம். ஒடம்பு ஏறிப்போச்சி. நீ ஒண்ணும் கவலப்படாத" என்றார்.

இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

6 டிசம்பர், ஞாயிறு

பதில்.

"கேட்டேன். சந்தோசமா இருந்துது. நீங்க நல்லாதான் பாத்துக்கறீங்க. அப்போ எனுக்கு அங்க இன்னா அவசரம். இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வந்துட்றேன். நைனாவுக்கு சொந்தமா ரெண்டு தறி போட்டுடலாம். உனுக்கு அந்த கம்ப்யூட்டர் கோர்சு. ரம்ஜான் முடிஞ்சதும் மேடம் பேப்பர் எடுத்தாருதாம்."

மறுபடி போட்டேன். மறுபடி.

தவறு எங்கே என்று அன்றைக்குக் கேட்டேனே. இதுதான். அவளை வரவழைக்கத்தான் இவ்வளவும். அவள் இல்லாமல் முடியும் என்று நிரூபித்து, கடுகுச் சத்தத்தோடு அனுப்பி வைத்திருக்கிறேன்.

ஆனால் — அவளுக்கே விருப்பமோ? எங்களுக்காக இருக்கிறாளா? அந்தக் குழந்தைக்காகவா? தனக்கென்று ஒரு அறை இருக்கிறது, கதவு இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். இங்கே அவளுக்கு எந்தக் கதவும் இருந்ததில்லை. "சந்தோசமா இருந்துது"க்குப் பிறகு ஒரு இடைவெளி வருகிறது. மூன்று விநாடி. அதற்கு என்ன அர்த்தம்? மூன்று விநாடியை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்?

நைனா கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போனார். பரோட்டாவோடு வந்தார். இரண்டு பொட்டலம். எனக்கும்.

11 டிசம்பர், வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அந்த வீட்டுக்குப் போன் செய்யலாம். பேருந்து நிலைய பூத். பின்னால் மூன்று பேர் வரிசை. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் கையெழுத்து போடல. இன்னா, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்ல. கேட்டேன்."

"உங்க டேப்ப மூணு வாட்டி கேட்டேன் வேந்தா. ரெண்டு பக்கமும். எங்கியாவது வான்னு சொல்றீங்களான்னு பாத்தேன்."

சொல்லியிருக்கலாம். அப்போதே. பின்னால் இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். நான் சொன்னது: "உன் இஷ்டம்மா."

உன் இஷ்டம்மா. எம்.ஏ. படிச்ச வாயி. தூ.

வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "வரணும்னுதானே இத்தினியும் பண்ணே. அத்த சொல்லலியா?" என்றார். "நீயும்தானே சொல்லல" என்றேன். ஒரே பல்லை ரொம்ப நேரம் உரித்தார்.

14 டிசம்பர், திங்கள்

களி நன்றாக வந்தது. இதுவரை வந்ததிலேயே நன்றாக. தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த நைனா, "அந்த டேப்ப எடு" என்றார். "புது கேசட் போடு."

பட்டனை அழுத்தினேன். இந்த முறை தள்ளி உட்காரவில்லை. மைக் கிட்டே குனிந்து, வாயில் களியோடு:

"பத்மினி. இவன் கிண்டற களி வேகவே மாட்டேங்குது. பச்ச மாவு. வவுறு வலிக்குது. கொழம்புல உப்பு கெடையாது. போன வாட்டி சொன்னதெல்லாம் சும்மா. நீ வந்தாதான் ஆவும்."

சட்னியைத் தொட்டு இன்னொரு கவளம். என் பக்கம் டேப்பைத் தள்ளினார்.

"கொழம்பு தீஞ்சிடுதும்மா" என்றேன். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னேன். ஒரே எழுத்து. சொல்லிவிட்டு உடனே நிறுத்திவிட்டேன், இரண்டு பக்கமும் காலியாக இருக்கும்போதே.

15 டிசம்பர்

தபாலில் போட்டேன். விரைவுத் தபால்.

2 ஜனவரி 1999

போய்ச் சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்குமா?

14 ஜனவரி, பொங்கல்

பொங்கலுக்கு வெல்லம் கூடிவிட்டது. யாருடைய கைப்பிடிக்கு அளந்தேன் என்று தெரியவில்லை.

20 ஜனவரி

ரம்ஜான் முடிந்துவிட்டது. பேப்பர் இப்போது அவள் முன்னால் இருக்கும். போன் செய்யவில்லை. காலையில் திருப்பதி பேருந்து வடமாலபேட்டை தாண்டும்போதெல்லாம் இறங்கித் திரும்பி பூத்துக்குப் போகலாமா என்று தோன்றுகிறது. இறங்குவதில்லை.

பொய் சொல்லி ஒருத்தியை அவளுடைய அறையிலிருந்து கிளப்புகிறோம். சரியா இது? வா என்றது பொய் இல்லை. மற்றதெல்லாம் பொய். ஒன்றை விட்டு ஒன்றைப் பிரித்து எடுக்க முடியவில்லை.

7 பிப்ரவரி

ஒன்றுமில்லை. வியாழன் கருவாட்டை வெள்ளிக்கும் வைத்தோம். அட்டவணை தளர்கிறது.

1 மார்ச் 1999, திங்கள்

காலை ஐந்தரைக்கு விழித்தபோது சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம். எழுந்து போனேன். அம்மா கையில் மூடியோடு நின்றுகொண்டிருந்தாள். வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"கடுகு எங்க வெச்சிகீறே?"

எல்லாவற்றையும் நான்தான் இடம் மாற்றியிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். விருந்தாளிபோல வாங்கிக்கொண்டாள். "அந்த ஊட்ல கண்ண மூடிக்கினு எடுப்பேன்" என்றாள், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. அங்கே பிடித்திருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஹைதராபாத்திலிருந்து வந்த நேர்காணல் கடிதத்தைப் பற்றியும் இன்னும் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருக்கிறது.

அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த காலண்டரை நிமிர்ந்து பார்த்தாள். படிக்க வராது. முதல் கட்டத்தில் விரல் வைத்தாள்.

"இன்னிக்கு இதுவா?"

"ஆமா. களி."

"நீயே செய்யி. நான் பாக்கறேன்."

நான் செய்தேன். மாவை மலையாகக் கொட்டி, மூடி, காத்திருந்தேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் புடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாசனை வந்தது. கிண்டினேன்.

நைனாவுக்கு வைத்தேன். அவளுக்கு வைத்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. திருப்பி இன்னொரு பக்கம் தொட்டாள். பிட்டு வாயில் போட்டாள். என்னைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள்.

"வேகவே மாட்டேங்குதுன்னு சொன்னீங்க."

நைனா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"இன்னிக்குத்தான் வெந்துது."