மூன்றே காலுக்குத் திரும்புதல்

8 மே 2025, வியாழன்
பின்னேர அசர் பாங்கு சொல்லும்போது கடைசி வேலையாக, மிளகுச் செய்கையாளர் சங்கத்து டேட்டாபேஸில் கிடந்த பரீட்சார்த்தப் பதிவுகளை அழித்தேன். நாளை லீவு. திங்களும் செவ்வாயும் வெசாக். ஐந்து நாள் நிம்மதி.

14 மே, புதன்
நான் ஒரு முட்டாள். அன்று அழித்தது பரீட்சார்த்தப் பதிவுகளை இல்லை. பல்லேபொலப் பக்கத்து 412 மிளகுத் தோட்டங்களின் மூன்று வருடப் பதிவுகள் — யார் எந்தக் கொடிக்கு என்ன உரம் போட்டார்கள், எப்போது பறித்தார்கள், எல்லாம். 26ஆம் திகதி இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் பரிசோதகர் வருகிறார். பதிவு இல்லையென்றால் சான்றிதழும் இல்லை. அத்தனை பேரும் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

பேக்கப் தானாக எடுபடுகிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். ஒரு தடவையாவது அதிலிருந்து மீட்டுப் பார்த்தேனா? கிளவுட்டில் ஏழு நாள் பேக்கப்தான் இருக்கும். ஐந்தை விடுமுறை தின்றுவிட்டது. நாளை அசரோடு கதை முடிந்தது.

கள உத்தியோகத்தர் பஸ்லி நானா திட்டவில்லை. "எத்தன மணிக்கு அழிச்சீங்கன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பாங்கு 3.24க்கு. ஆகவே 3.15க்கு இருந்தபடி புதிய டேட்டாபேஸ் ஒன்றாக மீட்டுத் தரும்படி கிளவுட்டில் கேட்டேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து திறந்தால் — பூச்சியம்.

அழுகையே வந்துட்டுது. எவ்வளவு சனம் நம்பியிருக்கு. அவங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?

15 மே, வியாழன்
சுபஹு தொழுதுவிட்டு மறுபடி கிளவுட் பக்கத்தைத் திறந்தேன். சுவர் மணிக்கூட்டில் 5.40. பக்கத்தின் மூலையில் 00.10. இது நம் நேரமே இல்லை! கிரீன்விச் நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். நேற்று நான் கேட்ட 3.15 நமக்கு இரவு எட்டே முக்கால். அதற்குள் எல்லாம் அழிந்துவிட்டிருந்தது. நம்முடைய மூன்றே காலுக்கு அங்கே 9.45.

9.45 என்று போட்டேன்.

அதே நாள், ஏழு மணி
412. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். காணாமல் போனவற்றை மட்டும் பழைய டேட்டாபேஸுக்கு மாற்றினேன். பிறகுதான் தேத்தண்ணீர் குடித்தேன்.

26 மே, திங்கள்
பரிசோதகர் தன் விருப்பப்படி ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். மார்ஜரி அக்காவுடையது. 2023இல் கொடிக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

"மாட்டெருவும் கிளிரிசீடியா எலையுந்தாங்க. ஓகஸ்ட்ல ஒருக்கா போட்டேன்" என்றார் அக்கா.

லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினேன். அதேதான் இருந்தது. பரிசோதகர் தலையாட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்தார்.

17 ஜூலை, வியாழன்
மாதம் ஒரு வியாழன் பேக்கப்பை மீட்டுப் பார்ப்பதென்று வைத்திருக்கிறேன். இன்று அசர் பாங்கு கேட்டதும் பஸ்லி நானா எட்டிப் பார்த்தார்.

"மீட்டாச்சா?"

"ஆச்சு நானா. 419."

"412 தானே?"

சான்றிதழ் வந்ததைக் கேள்விப்பட்டு மார்ஜரி அக்காவின் அயல்வீட்டார் ஏழு பேர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள்.