ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

மானம் போன கதையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கண், காது வைத்து உங்களிடம் சொல்வதற்குள். ஆஸ்பத்திரியில் உங்கள் தம்பியைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. பிரிய மனமில்லாமல் என் இடுப்போடு நாலடி நடந்து வந்தது. ஒரு நர்ஸ் முன்னால் நின்று என்னைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி பின்னால் நின்று அதை இழுத்தாள். கூட்டத்தில் ஒருவர், "மெதுவாம்மா, கால் உடைஞ்சிடப் போகுது" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். நாற்காலியின் காலைச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் தம்பி சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். டாக்டர் அதைத்தான் பார்த்தார். "இந்த உடம்போட மயக்க மருந்து குடுத்தா, எழுப்புறதுக்கு நான் பொறுப்பில்ல. பதினஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் இதயத்துல கை வைக்கிறேன். ரொம்ப நாள் தள்ளவும் முடியாது" என்றார்.

ஆகவே நம் வீட்டில் நேற்றுமுதல் ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம். அவருக்கு அவித்ததும் எனக்குப் பொரித்ததும் என்று எதிரெதிரே வைத்தால் அது பத்தியமா, சித்திரவதையா? அவர் தின்பதையே நானும் தின்பேன் என்று சொல்லிவிட்டேன். போட்டோ ஸ்டூடியோ வேலை முடிந்து வந்து நேற்று நான் வைத்தது: அவித்த பீன்ஸ், வெள்ளரிக்காய், முட்டையில் வெள்ளை மட்டும், அரைக் கிண்ணம் சோறு. தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத்தானே உடம்பு சரியில்ல? பீன்ஸுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

நீங்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் இனிப்புப் பெட்டியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள், அக்கா. கோபிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி

---

ஜனவரி 19

அன்புள்ள போட்டோக்காரிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. நாற்காலியே எழுந்து நடந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

இருநூறு பெண்பிள்ளைகள் தங்கும் விடுதியைக் கட்டி மேய்க்கிறேன். காய்ச்சல், காதல், கணக்கில் பெயில் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. சாப்பிடாமல் தேறிய பிள்ளையை மட்டும் பார்த்ததில்லை. டாக்டர் ஆயிரம் சொல்வார். அவர் வீட்டில் அவருக்கு யார் பீன்ஸ் அவிக்கிறார்கள் என்று விசாரித்தாயா?

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தூக்கத்திலிருந்து என்னை எழுப்பி, "அக்கா, பசிக்குது" என்பான். பசியாக இருக்காது, பயம். ஆனாலும் ஏதாவது பிசைந்து ஊட்டுவேன், தூங்கிவிடுவான். அப்படி வளர்ந்த உடம்பு அது. பார்த்துச் செய்.

பெட்டியை நிறுத்திவிட்டேன். இங்கே காவல்காரர் தின்கிறார்.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. நான் ஒன்பது கிலோ இளைத்துவிட்டேன். உங்கள் தம்பி ஒரு கிலோ.

ஸ்டூடியோ மாடிப்படியை இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறேன். முன்பெல்லாம் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் நடிப்பேன். முழங்கால் முனகுவதை நிறுத்திவிட்டது. மத்தியானம் கேமராவுக்குப் பின்னால் நின்றபடி கண் சொக்குவதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் இருபது வருஷமாக "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி வருகிறேன். எனக்கும் முகவாய் என்று ஒன்று, ஒன்றே ஒன்று, இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. முதலாளி, "என்னம்மா, ஆளே புதுசா இருக்கீங்க?" என்கிறார். கீழ்வீட்டுக்காரி மட்டும், "சும்மா மறைக்காத, இளைக்கிற ஊசிதானே போட்டுக்கிட்ட?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அவருக்கு ஏன் குறையவில்லை என்றுதான் புரியவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்துதான் போட்டுக்கொள்கிறோம். நீர் உடம்பு என்கிறார்கள். எடை மெஷின் பொய் சொல்கிறது என்கிறார் அவர். அதே மெஷின் எனக்கு மட்டும் ஏன் உண்மை சொல்கிறது? டாக்டர் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டார். "உங்க வீட்டம்மாவைப் பாருங்க சார், அவங்களால முடியுதில்ல?" என்று திட்டினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா. அவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது நான் மருந்து அலமாரிக் கண்ணாடியில் என் இடுப்பைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி கவனித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்க" என்றார், சிரிக்காமல்.

குளித்துவிட்டு வந்தாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அரைக் கிண்ணத்தைக் கால் கிண்ணமாக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
பாதியாகிப்போன போட்டோக்காரி

---

ஏப்ரல் 9

அன்புள்ள போட்டோக்காரிக்கு,

நேற்று அவன் ஆபீஸிலிருந்து போன் செய்தான். இங்கே சாப்பாட்டு நேரம், தட்டுச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றுதான் தெளிவாகக் கேட்டது. "அக்கா, பசிக்குது."

ஐம்பத்துநாலு வயசு. சர்வே ஆபீஸில் ஊருக்கெல்லாம் எல்லை வரைந்து கொடுக்கிறவன், தன் தட்டுக்கு எல்லை போட்டுவிட்டார்கள் என்று என்னிடம் முறையிடுகிறான். எனக்கு நேற்று ஒரு வாய் இறங்கவில்லை. இளைப்பது நீ, வாடுவது அவன் என்றால், இந்தப் பத்தியம் யாருக்கு?

பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனதும் வருகிறேன். பத்து நாள் என் கையால் சமைத்துப் போடுகிறேன். அதுவரை அந்தக் கால் கிண்ணத்தை முழுக் கிண்ணமாக்கு.

அக்கா

---

மே 27

போட்டோக்காரிக்கு,

உன் வீட்டில் இருந்த மூன்று நாளும் வாய்வரை வந்து நின்றதை எழுதுகிறேன்.

அவனைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்து, "அடையாளமே தெரியலையே" என்றார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆபீஸ் மாடிப்படியில் சரிந்து விழுந்தானே, அப்போது அவன் வயிற்றில் என்ன இருந்திருக்கும்? அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சொன்னார் என்பாய். டாக்டர் தட்டைக் காட்டினார், பிடுங்கியது நீ. பசியோடு போய்விட்டான்.

பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்றேன். பரீட்சை முடிந்தது, வந்தேன்.

நீ கெட்டவள் இல்லை, தெரியும். ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. இனி எழுதாதே.

அவன் அக்கா

---

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். சொன்ன பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? இது ஒன்றை மட்டும் படியுங்கள். பிறகு அடுப்பில் போட்டாலும் சரி.

நேற்று ஸ்டூடியோவில் அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட எடுத்து வைத்திருந்தேன். லைசென்ஸ் படத்துக்கு ஒரு பெண்மணி வந்தாள். அவர் ஆபீஸ் வாசலில் டீக்கடை வைத்திருப்பவளாம். என்னை யாரென்று தெரியாது. படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அட, இது நம்ம வெண்ணெய் பன் சாரு!"

"யாரு?" என்றேன்.

"நம்ம கடைக்கு தினம் வருவாரும்மா. காலையில ரெண்டு பன்னு, சாயங்காலம் ரெண்டு. ரெண்டு பக்கமும் தடவணும், இல்லன்னா கோவிச்சுக்குவாரு. 'வீட்டுல பீன்ஸ அவிச்சு வச்சுக்கிட்டு ஒரு போலீஸ்காரி உக்காந்திருக்கா, சீக்கிரம் குடு'ம்பாரு. கடையே சிரிக்கும்! கடைசியா வந்தன்னிக்குக் காலையில மூணாவது கேட்டாரு. அன்னிக்கே கடையச் சாத்திட்டு ஊருக்குப் போனவ, முந்தாநேத்துதான் தொறந்தேன், ஆளையே காணோம். மாத்தலாயிட்டாரா?"

"ஆமா, மாத்தல்தான்" என்றேன்.

முகவாயைத் தூக்கச் சொன்னேன், படம் எடுத்தேன். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதுதான் சரியாக வந்தது.

நாலு மாதம், அக்கா. எதிரில் உட்கார்ந்து, கடைசி பீன்ஸ்வரை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு" என்பார். ஊரையெல்லாம் கேலி பேசுகிறவள் நான்; ஒரு டீக்கடை முழுக்க என்னை வைத்துச் சிரித்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பத்தியம் இருந்தது நான் மட்டும். பலித்ததும் எனக்கு மட்டும்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னால் போனவரைக் காட்டிக்கொடுப்பதாகும். சொல்லாவிட்டால் நீங்கள் ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் பசியை நினைத்துக் கையை உதறுவீர்கள். அவர் பசியோடு போகவில்லை, அக்கா. வயிறு நிறையத்தான் போனார். நீங்கள் சாப்பிடுங்கள்.

கோபத்தை விட வேண்டாம், என்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர்மேல் மட்டும் திருப்பிவிடாதீர்கள். என்னிடம் பதினோரு கிலோ இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
என்றும் உங்கள் தம்பி பெண்டாட்டி

பி.கு.: இன்று காலை அந்தக் கடைக்குப் போனேன். ரெண்டு பக்கமும் தடவச் சொல்லி ஒரு பன் வாங்கி, நின்றுகொண்டே தின்றேன். அது வெண்ணெயே இல்லை, அக்கா. வனஸ்பதி.