எனக்குக் கொடுக்காத பால்

அம்மா,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூடிய கிண்ணத்தோடு வந்தாள். திறக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. பூண்டு, பச்சை மிளகாய், வெந்த மீன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கத் தரும் சுறாப் புட்டு.

"உங்கம்மாவுக்கும் செஞ்சி செஞ்சி போட்டேன். அவளுக்குப் பலிக்கவே இல்ல. புட்டிப்பாலுதான் உனக்கு. நீயாச்சும் ஒயுங்கா துன்னு."

மகள் என் மடியில் இருந்தாள். புட்டிப்பால் கொடுத்த காரணத்தைப் பெரியம்மாவுக்கு நீ சொன்னதில்லை. எனக்குச் சொன்னதே நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில், ரயில் தாமதமான ஒரு மாலையில், தண்டவாளத்தைப் பார்த்தபடி.

என்னைச் சுமந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல். உனக்கு ஒரே கேள்வி, புள்ளைக்கும் வருமா. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வயிற்றில் இருக்கும்போது, பிறக்கும்போது, பால் குடிக்கும்போது.

வலி எடுத்ததும் உனக்கு ஒரு மாத்திரை. பிறந்ததும் எனக்குச் சில சொட்டு. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டிய நாக்கில் மருந்து. பாலை மட்டும் நீயே தடுக்க வேண்டியிருந்தது. புட்டிப்பால் என்றால் புட்டிப்பால் மட்டும், ஒரு வாய்கூடத் தாய்ப்பால் கூடாது என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருந்தார்கள்.

பால் சுரக்கவில்லை என்று தெருவில் சொன்னாய். தெரு விடவில்லை. பெரியம்மா புட்டோடு வந்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வேணான்னா சந்தேகப்படுவா. துன்னேன். துன்னத் துன்ன மாரு கட்டிக்கும். நீ பசியில அயுவ. பாத்ரூம்ல போயி பீச்சி ஊத்திட்டு வருவேன். சத்தம் கேக்காம கொயாயத் தொறந்து உட்டுடுவேன்" என்றாய்.

"யார் சத்தம்?" என்றேன். ரயில் வந்தது.

பெட்டியில் ஏறியதும் சிரித்தாய். "முத்தம் குடுத்தா வருமான்னு கேட்டேன். நர்சம்மா சிரிச்சிடுச்சி. அதுலல்லாம் வராதும்மா, நல்லா கொஞ்சுன்னு சொல்லிச்சி. அதோட உன்னக் கீய எறக்கல." கொஞ்சம் பொறுத்து, "ஒன்றர வயசுல கடேசி டெஸ்ட்டு. இல்லன்னாங்க. எது இல்லன்னு திருப்பிக் கேட்டேன்."

எனக்கு இல்லை.

பத்து மாதம் ஒரே உடம்பு. உன் ரத்தத்துக்கும் என் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு சவ்வு. நினைக்க நினைக்க மலைப்பு. அதைவிட மலைப்பு, பால் நிறைந்த மார்போடு பசித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புட்டியைத் தேடிய நீ.

பிறகு உனக்கும் தினசரி மாத்திரை வந்தது. மாலையில் டி.வி. தொடர் தொடங்கும் இசை கேட்டதும் விழுங்குவாய். என் கல்யாணம் வரை நடமாடினாய். போன வருடம் மாரடைப்பில் போனாய்.

இப்போதெல்லாம் மாத்திரையை விடாமல் எடுக்கும் தாய்மாரைப் பால் கொடுக்கவே சொல்கிறார்கள், அம்மா. ரத்தத்தில் கிருமி அவ்வளவு அடங்கிவிடுகிறதாம். பிரசவ வார்டில் இதைக் கேட்டபோது எனக்கு முதலில் அந்தக் குழாய்தான் நினைவுக்கு வந்தது.

"இன்னாடி, பாலு வருதா இல்லியா?" என்றாள் பெரியம்மா.

"வருது பெரிம்மா. அம்மாவுக்கும் வந்துது. உங்க புட்டு நல்லாவே பலிச்சுது."

என்னையே பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை என் தட்டில் வழித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நீ காத்துக் கொடுத்த ரத்தம்தான் இப்போது பாலாகிறது. மகள் குடிக்கிறாள். வீட்டில் எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. அவள் விழுங்கும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, அம்மா.