எட்டால் வகுத்தால் வரும் மீதி

மாப்ளே, பிரதமரைச் சுட்டுக் கொன்றதற்கு மறு வருஷம் நடந்தது இது. உன் பாசன ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் போய்ப் புதிது வந்ததும் அப்போதுதான். இன்று விடியும்போதே காற்றில் உப்பு வாடை. எழுதத் தெரியாத நான் சொல்லச் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

பட்டினச்சேரிப் பக்கத்து வாய்க்கால் ஷட்டருக்கு நாங்கள் எட்டுப் பேர். கடல் ஏறினால் அதை இறக்க வேண்டும். தவறினால் வயலெல்லாம் உப்பு. அடுத்தவன் முறையில் போய்த் தொட மாட்டோம். தொட்டால் அவனைச் செத்தவனாக்கியது போல. சண்டை வேண்டாமென்று முறையைக் கம்ப்யூட்டரில் போட்டவன் நீ. கார்த்திகை முதல் தேதியிலிருந்து நாளை எண்ணி, எட்டால் வகுத்து, ஒவ்வொரு மீதிக்கும் ஒரு பேர். காலையில் ஆபீஸ் ஜீப் வந்து பேரைச் சொல்லும்.

அந்த வருஷம் மழையோடு கடலும் கார்த்திகைக்கு முந்தி, ஐப்பசிக் கடைசியிலேயே ஏறிவிட்டது. ஒரு காலையில் ஜீப் வந்தது, பேர் வரவில்லை. உன்னைத் தேடி ஆபீசுக்கு வந்தேன்.

"கார்த்திகைக்கு முந்துன நாளு மைனஸ், அத்தான். நாம எழுதுறதை மெஷினுக்கு மாத்திச் சொல்றது கம்பைலர். பழைய மெஷினுக்கு வகுக்கிறது பாரம். எட்டுங்கிறதால கம்பைலர் வகுக்காம, மெஷின் சைபரும் ஒண்ணுமா எழுதுற எண்ணோட கடைசி மூணு குறியை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை மறைச்சிடும். இன்னிக்கு நாளு மைனஸ் மூணு, அதுக்கு மீதி அஞ்சுன்னு சரியா விழும். புது மெஷினுக்கு வகுக்கவே தெரியும். வகுத்தா மீதி மைனஸ் மூணாவே நிக்குது."

"அது யாருடா?"

"அப்படி ஒரு ஆளே கிடையாது," என்று சிரித்தாய்.

ஐந்து, கோட்டுச்சேரி கலியனின் எண். அவனை அழைத்துவர நான் பஸ் ஏறினேன். திரும்பும் வழியில் சாலை முழுகிக் கிடந்தது. நாங்கள் வாய்க்கால் கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஷட்டர் அடிவரை இறங்கியிருந்தது. கரையில் உன் சைக்கிள் நின்றது. நீ இல்லை, அதன் பின்னும் கிடைக்கவில்லை.

ஒரு வயலிலும் உப்பு ஏறவில்லை. கலியன் அதன் பிறகு ஷட்டரை இறக்கும் சக்கரத்தைத் தொடவேயில்லை, அவனும் போய்விட்டான். என்னைத் தவிர மற்ற எழுவரும் செத்துப்போனார்கள். கடல் இரைந்தால், யார் முறை என்று கேட்காமல் என் கால் இன்றும் கரைக்குப் போகிறது.

நாங்கள் வரத் தாமதமானதால், ஷட்டருக்குப் புறப்படுமுன் நீ என் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு மெஷின்ல யார் பேரும் வரலக்கா, நானே போறேன்," என்றாயாம். பழைய கம்பைலரின் குறுக்குவழி புது மெஷினில் இல்லாததால்தான் பேர் வரவில்லை என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "பேரு வராத நாளுல அது கூப்பிட்டது என் தம்பியைத்தான்," என்கிறாள். அன்று உன் குரலைக் கடைசியாகக் கேட்டவள், அன்றைய ஆட்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருக்கும் ஒருத்தி, என் வீட்டுக்காரி, உன் அக்கா செல்லம்மாள்.