பெரிய கரும்பு யாருக்கு

என் ஆசை மாமா,

மாட்டுப் பொங்கல் காலையில் நடந்ததைச் சொல்லி உங்களை நாலு திட்டு திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பொங்கல் லீவு வந்தால் போதும், உங்களுக்குக் குறும்பு ஏறிவிடும். விடிந்தும் விடியாமல் கரும்புத் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு மடக் மடக்கென்று முறிப்பீர்கள். பி.வி.சி. பைப் துண்டை வாயில் வைத்து ஆனை மாதிரியே பிளிறுவீர்கள். பயப்படாமல் உள்ளே ஓடிவந்து உங்கள் காலைப் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் பெரிய கரும்பு. வீட்டுக்கு ஓடினால் வருஷம் முழுக்கக் கிண்டல்.

பெரியவள் கலை எப்போதும் வீட்டுக்குத்தான் ஓடுவாள். அவளுக்கு நீங்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. சின்னவள் மலர் நடை பழகிய நாளிலிருந்து உங்கள் காலைப் பிடித்தவள். "எம் பொண்ணு சிங்கம்டி" என்று தோளில் தூக்கி வருவீர்கள். நிஜ ஆனை நடமாடுகிற ஊரில் இதென்ன விளையாட்டு என்று நான் கத்தாத வருஷம் உண்டா? "போடி, அது மலையோரத்தோட போயிரும். நம்ம கொட்டாய் வீட்டுக்கு எங்க வரப்போவுது?" என்பீர்கள்.

ஆவணியில் நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்குச் சாவைப் பற்றி என்ன தெரியும்? "அப்பா எப்ப வருவாரு?" என்று மலர் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் பனி கண்ணை மறைத்தது. நான் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், கலை கொட்டகையில் கொம்புக்கு வர்ணம் கலக்கிக்கொண்டிருந்தாள். கரும்புக்குள் மடக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

பொய் சொல்லவில்லை மாமா, ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்தேன். நெஞ்சு குளிர்ந்துபோனது. அடுத்த நொடி ஒரு நெடி அடித்தது. தோகைக்கு மேலே, பனிக்குள், கறுப்பாக ஒரு முதுகு அசைந்தது.

மலர் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள். "அப்பா வந்துட்டாரு! பெரிய கரும்பு எனக்கு!"

கத்தினால் ஆனை மிரண்டு பாயும். கத்தாவிட்டால் இவள் உள்ளே போய்விடுவாள். ஐயோ, நான் என்ன செய்வேன்? வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவள் இல்லை. கரும்பு வரப்பில் கால் வைத்துவிட்டாள்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து உங்கள் பிளிறல் கேட்டது.

கொட்டகைக் கூரையில் நீங்கள் சொருகி வைத்திருந்த பைப்பை எடுத்துக் கலை ஊதினாள். நீங்கள் ஊதுவது போலவே, மெதுவாக. மலர் சட்டென்று நின்றாள். "அப்பா அங்கயா இருக்காரு?" என்று திரும்பி ஓடிவந்தாள். வாரித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். வனத்துறை ஆட்கள் வந்து பட்டாசு போட்டு விரட்டும்வரை மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தோம். கலைக்குப் பல் தந்தியடித்தது. நீங்கள் பெயர் வைத்த அதே பயந்தாங்கொள்ளிதான் மாமா.

மலர்தான் அழுதாள். "அக்கா ஏமாத்திட்டா. அப்பா எங்க?"

அன்றைக்குத்தான் உடைத்துச் சொன்னேன். "அப்பா இனிமே வர மாட்டாரு, சாமி."

"கரும்புக்குள்ள ஒளிஞ்சிருக்கவும் மாட்டாரா?"

"மாட்டாருடா."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. காற்றில் தோகை உரசினால்கூடத் திரும்பிப் பார்க்கிறாள். முந்தானையை அவள் கையில் முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். எத்தனை நாளைக்கு இப்படி முடிந்து வைக்க முடியும், சொல்லுங்கள்?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த பொங்கலுக்கும் நம் வீட்டில் கரும்பு உண்டு. நானே வெட்டி வந்து வாசலில் நிற்பேன். வீட்டுக்கு ஓடிவருகிறவளுக்குத்தான் பெரிய கரும்பு. முதல் கரும்பு கலைக்கு.

நீங்களும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும் மாமா. எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மலரின் கனவில்கூடக் கரும்புக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள்.

உங்கள் மாமன் மகள்,
சரசு